புருல் எஜேயின் எட்டுப் புகைபோக்கிகள்

காலையில் மாடு கறந்துவிட்டு, பால் வாளியைக் கீழே வைக்காமலே, புருல் எஜே, அதாவது புருல் அக்கா, தொழுவத்தின் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நிற்பார். அங்கிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஊர் தெரியும். ஊரை அவர் பார்ப்பதில்லை. எட்டுப் புகைபோக்கிகளை மட்டும் பார்ப்பார். எட்டிலும் புகை எழுந்தால் ராத்திரி ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். ஒன்றில் எழாவிட்டால் அன்றைக்கு முதல் வீடு அதுதான். பெரும்பாலும் வறட்டி நனைந்திருக்கும், அல்லது வீட்டுக்காரர் யார்மீதாவது கோபித்துக்கொண்டு அடுப்பு மூட்டாமல் படுத்திருப்பார். இரண்டு தடவை வேறு மாதிரி இருந்திருக்கிறது.

இதை வேலை நேரத்தில் யாரும் சேர்த்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

எங்கள் நலத்துறை அலுவலகத்தில் தனியாக வாழும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆறு பேர். ஆளுக்கு எட்டு வீடு. நிலக்கரி அள்ளிப் போட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், தரை துடைத்து, மாத்திரையை எண்ணி வைத்து, பேச்சுக் கேட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில் சொன்னது பணி விவரத்தில் இல்லை. அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

புருல் எஜே முதலில் கூட்டுப்பண்ணையின் கம்பளிக் கொட்டகையில் இருந்தவர். கொட்டகையை மூடியபோது நலத்துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். சம்பளத்தைச் சொன்னதும் வரிசை கலைந்தது. எஜே அந்தக் காலத்து ஆள், வரிசை என்றால் நிற்பவர். நின்றார். அப்படித்தான் வேலை கிடைத்தது. இதற்கு மேல் அவர் தன் சேவை மனப்பான்மை பற்றி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய கணவர் நாரின் நகரத்துக்கு வேன் ஓட்டுகிறார். ஒருமுறை காய்ச்சலாகப் படுத்திருந்தபோது மனைவியிடம், "நெத்தியத் தொட்டுப் பாக்கணும்னா நானும் ஆபீஸ்ல மனு போடணுமா?" என்று கேட்டாராம். எஜே, "உங்களுக்கு இன்னும் வயசு வரல. அதோட தனியா வாழறவங்களுக்குத்தான்," என்றாராம்.

எட்டு வீடுகளில் கடைசி, ஆற்றை ஒட்டிய உம்சுனாய் அம்மாளின் வீடு. பாதிக் காது கேட்காது. புருலைத் தவிர யாருக்கும் வாசல் கதவைத் திறக்க மாட்டார். அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு மேலே ஓர் ஆணியில் நீலத்துணி முடிச்சு ஒன்று தொங்கும். உள்ளே ஒரு ரொட்டி. மகன் மைரம்பெக் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அன்று காலை ஒரு வாய் கடித்துவிட்டு வைத்தது. ஊரை விட்டுப் போகிறவன் கடித்து வைத்தால் மிச்சத்தைத் தின்னத் திரும்பி வருவான். எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். ராணுவத்துக்குப் போன பையனின் ரொட்டி அவன் படை முடித்து வரும்வரை தொங்கும். மைரம்பெக்கின் ரொட்டிக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. எலி தொடவில்லையே என்று அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் அவிழ்த்துப் பார்த்து, கொஞ்சம் காற்றாட வைத்து, மறுபடி கட்டுவார். மகன் அவ்வப்போது ஃபோன் செய்வான். வசந்தத்தில் வருகிறேன் என்பான். வசந்தத்தில் ஃபோன் செய்ய மாட்டான்.

போன மார்ச்சில் தலைநகரிலிருந்து சாய்கல் என்ற உளவியலாளர் வந்தார். சமூகப் பணியாளர்கள் வேலையில் எவ்வளவு ஈடுபாட்டோடும் நலத்தோடும் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் திட்டம். நல்ல பெண். மேல்கோட்டைக் கழற்றாமல் பேசினார், எங்கள் கூடத்தில் கணப்பு சரியில்லை.

ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார்.

"வீட்டுக்குப் போனதுக்கப்புறம் வேலையப் பத்தி நினைப்பீங்களா, எஜே?"

"காலையில மாடு கறந்துட்டுப் புகை பாப்பேன். அது நினைப்புல சேருமா?"

"எந்தப் புகை?"

எஜே சொன்னார். சாய்கல் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துவிட்டு, 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"வேலை முடியறப்ப களைப்பா இருக்கா?"

"எட்டு வீட்டுக்கு நிலக்கரி தூக்குனா வேற எப்படி இருக்கும்?"

"நீங்க பாத்துக்கிட்டவங்க யாராவது இறந்துபோனா அழுவீங்களா?"

"அழாம எப்படிப் புதைக்கறது?"

எப்போதும்.

அடுத்து ஜிபெக். அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், துறுதுறுவென்று இருப்பாள், எதையும் சுத்தமாகச் செய்வாள். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றாள். பொய்யில்லை. "ஃபோன் அடிக்கலைன்னா நான் எதுக்குக் களைச்சுப் போகணும்," என்று எங்களிடம் பிறகு சொன்னாள்.

மத்தியானம் பயிற்சி. வாடிக்கையாளருக்கும் நமக்கும் நடுவில் ஒரு எல்லை வேண்டும் என்று சாய்கல் பலகையில் கோடு போட்டார். வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். உதாரணமாக, போகிற வீடுகளில் சாப்பிடக் கூடாது.

"யாரும் சாப்பிடலியே. ரொட்டி ருசி பாத்துட்டுக் கிளம்பறோம்," என்றார் புருல் எஜே.

"எட்டு வீட்டுலயுமா?"

"எட்டு வீட்டுலயும் ரொட்டி இருக்கே."

"அதுக்கு வேணாம்னு சொல்லலாம்ல?"

"ரொட்டிக்கா?"

யாரும் கோபப்படவில்லை. ரொட்டியைத் தொடாமல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறுவது எப்படி இருக்கும் என்று எல்லோரும் மனதுக்குள் பார்த்தார்கள் போலிருக்கிறது. சாய்கலும் ஒரு தாய் வளர்த்த பெண்தான்.

"ரொட்டி மட்டும் பரவாயில்ல," என்றார் குரலைத் தாழ்த்தி. பலகையில் இருந்த கோட்டின் ஒரு முனையைக் கையால் துடைத்துவிட்டார். நிமிர்ந்தபோது மேல்கோட்டின் கையில் சுண்ணக்கட்டித் தூள் இருந்தது.

முடிவுகள் வண்ணத்தில் வந்தன. ஜிபெக் பச்சை. மற்றவர்கள் மஞ்சள். புருல் எஜே சிவப்பு. சிவப்பில் இருப்பவர்களுக்கு உடனடி ஓய்வு தர வேண்டும், பச்சையில் இருப்பவர்களைக் களத்துக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை. எங்கள் தலைவர் தஷ்தான்பெக் பரிந்துரையை மீறுகிறவர் அல்ல. ஏப்ரலில் எஜேயைத் தொலைபேசி மேசையில் உட்காரவைத்து, எட்டு வீடுகளையும் ஜிபெக்கிடம் கொடுத்தார்.

எஜே அவர் அறைக்குப் போனார்.

"உங்க நல்லதுக்குத்தான், எஜே."

"எனக்கு நல்லா இல்லியே."

"அது உங்களுக்குத் தெரியாது. பேப்பர்ல நல்லா இருக்கு."

"வீடுங்கள எப்பத் திருப்பித் தருவ?"

"இலையுதிர்ல மறுபடி கேட்க வருவாங்க. நீங்க பச்சைக்கு வந்துட்டா, பனி விழறதுக்கு முன்னாடி உங்க வீடுங்க உங்களுக்கு."

"பனி விழறதுக்கு முன்னாடின்னா சரி. யார் அடுப்பு புகையும், யாரு கேஸ மூடாம தூங்குவாங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

"அதை இப்பவே சொல்லிக் குடுங்களேன்."

"சொன்னேன். குறிச்சுக்கிட்டா. நல்ல பொண்ணுதான்," என்றார் எஜே. அதை ஒரு குறையைச் சொல்வது போலச் சொன்னார்.

தொலைபேசி மேசைக்கு ஒரு சன்னல் உண்டு. சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரு நாளில் வருகிற அழைப்புகளில் பாதி கால்நடை மருத்துவரைத் தேடி வரும், எண்களில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். முதல் வாரம் எஜே அவர்களைச் சரியான எண்ணுக்கு அனுப்பினார். பிறகு ஆட்டுக்குட்டியின் கழிச்சலுக்கு அவரே யோசனை சொல்லத் தொடங்கினார். காலையில் மேட்டில் ஏறி நிற்பதை மட்டும் விடவில்லை. ஆனால் ஒன்றில் புகை வராவிட்டாலும் போக முடியாது. அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து, ஜிபெக் வந்ததும், "முதல்ல அந்த மூணாவது வீட்டுக்குப் போ," என்பார். ஜிபெக், "ஏன் எஜே?" என்பாள். "சும்மா," என்பார்.

ஜிபெக் ஒரு வீட்டையும் தவறவிடவில்லை. தரை அவள் துடைத்தால் பளபளக்கும். உம்சுனாய் அம்மாளும் இரண்டு வாரம் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் திறந்தார். எஜே ஃபோனில் கத்திச் சொன்ன பிறகுதான்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. ஜிபெக் தரை துடைத்து முடித்தாள். அம்மாள் உள்ளே இல்லை, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் ஆற்றுப்பக்கம் போயிருந்தார். ஜிபெக் வாசலில் நின்று கூப்பிட்டாள். பாதிக் காது, ஆற்றுச் சத்தம். கிளம்ப வேண்டும், ஆனால் ரொட்டி ருசி பார்க்காமல் கிளம்ப முடியாது. சாப்பாட்டு விரிப்பு மடித்து வைத்திருந்தது. தையல் மெஷின்மேல் விரித்த நீலத்துணியில் ஒரு ரொட்டி மட்டும் காற்றாடிக்கொண்டிருந்தது. மகன் கடித்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

ரொட்டியைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையல்ல, ஜிபெக் அப்படியே கையில் எடுத்தாள். கல்லாக இருந்தது. பிய்க்க வரவில்லை. ஒரு வீட்டில் ரொட்டி எவ்வளவு பழசு என்று பேசக் கூடாது, மனதுக்குள்கூட. பாவம், கஷ்டம் போல என்று நினைத்தாள். கெண்டியில் ஆறியிருந்த தேநீரை ஊற்றி ஓரத்தை நனைத்து, கடைவாயில் வைத்து, ஒரு வாய் கடித்தாள். மென்று விழுங்கினாள். துணியை மரியாதையாக மூடிவிட்டுக் கிளம்பினாள்.

எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் இந்தத் தப்பு நடந்திருக்காது. கொஞ்சம் மரியாதை குறைந்த பெண்ணாக இருந்தாலும் நடந்திருக்காது.

திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது. புருல் எஜே எடுத்தார்.

"கடிச்சிட்டா," என்றார் உம்சுனாய் அம்மாள்.

"யாரு? நாயா?"

"நீ அனுப்புனவ."

"ஜிபெக்கா? உங்களையா கடிச்சா?"

"என்னைக் கடிச்சிருந்தா பரவாயில்ல. என்கிட்ட கடிக்க என்ன இருக்கு. என் புள்ள ரொட்டியக் கடிச்சிட்டா. அவன் கடிச்சதுக்கு எதிர்ப் பக்கம். பல்லு பல்லாத் தெரியுது."

எஜே ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"அவன் இனிமே வர மாட்டான்," என்றார் அம்மாள். "அவன் பங்க வேற ஒருத்தி தின்னுட்டா. எதுக்கு வருவான். ஃபோன வைக்கறேன். கதவுக்குக் கட்டை போட்டாச்சு. யாரையும் அனுப்பாத."

வைத்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத் தஷ்தான்பெக் வெளியே வந்தார். எஜே முகத்தைப் பார்த்து, "புகாரா?" என்றார்.

"உம்சுனாய் அம்மா."

"என்னவாம்?"

"ரொட்டி."

"ஜிபெக் வாங்கிட்டு வரலியா?"

"வீட்டுல இருந்தத சாப்பிட்டுட்டாளாம்."

எஜே அதற்குமேல் சொல்லவில்லை. பயணம் போனவனின் ரொட்டியைத் தின்றவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஜிபெக் இந்த ஊரில் சாகும்வரை அது அவளோடு போகும். வெறும் ரொட்டித் திருட்டு என்றால் ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள்.

தஷ்தான்பெக் தலையைச் சொறிந்தார். வாடிக்கையாளரின் உணவை உண்பது விதிமீறல். எழுத்தில் கண்டனம் கொடுக்க வேண்டும். ஜிபெக் ஒப்பந்தத்தில் இருப்பவள், கண்டனம் இருந்தால் புதுவருஷத்தில் ஒப்பந்தம் நீளாது. "அந்தம்மா வேற யாருக்கும் திறக்க மாட்டாங்க," என்று யோசித்தார். "திறக்கலைன்னா முதியோர் இல்லத்துக்கு எழுதணும், ரெண்டு மலைக்கணவாய் தாண்டி. சரி எஜே, நாளைலருந்து அந்த வீட்ட நீங்களே எடுத்துக்குங்க. மெதுவா மத்ததையும் பாத்துக்கலாம். சிவப்போ பச்சையோ, நான் எழுதிக்கறேன்."

மூன்று மாதமாக எஜே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், கிடைத்துவிடும்.

"நாளைக்கு வரைக்கும் எதையும் எழுதாத," என்றார்.

"ஏன்?"

"காது கேக்காதவங்க. நேர்ல கேட்டுட்டு எழுதிக்கலாம்."

மாலையில் ஜிபெக்கைப் பழைய கம்பளிக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னார். ஜிபெக் முதலில் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "விழுங்கிட்டேனே, எஜே," என்றாள். இரண்டு பேரும் ஆற்றை நோக்கி நடந்தார்கள். வழியில் ஜிபெக், "கல்லு மாதிரி இருந்துச்சு. நான் கண்டுபிடிச்சிருக்கணும்," என்றாள்.

கதவில் கட்டை இருந்தது. எஜே கையால் தட்டாமல் சன்னல் கண்ணாடியில் மோதிரத்தால் தட்டினார். அந்தச் சத்தம் மட்டும் அம்மாளுக்குக் கேட்கும். கட்டை விலகியது.

"கூட்டிட்டே வந்துட்டியா," என்றார் உம்சுனாய் அம்மாள். "எதுக்கு? கக்கித் தரப் போறாளா?"

"உக்காந்து பேசலாமா அம்மா?"

"நீ உக்காரு. அவ நிக்கட்டும்."

ஜிபெக் நின்றாள். மெஷின்மேல் ரொட்டி திறந்தபடி இருந்தது. ஒரு பக்கம் பெரிய கடி, ஓரம் மழுங்கிப் பழசாக. மறு பக்கம் சின்னக் கடி.

"கடிச்சு வச்சவங்க திரும்பி வரணும், அதானே முறை?" என்றார் எஜே.

"என் புள்ளைக்கு."

"ரொட்டிக்கு அது யார் புள்ளைன்னு தெரியுமா? கடிச்சவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் அது கூப்பிடும். ஒருத்தி வந்துட்டா பாருங்க. முறை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

எஜேயின் வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்ப்பது அம்மாளின் முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து ஜிபெக்கின் பக்கத்தில் வந்தார்.

"பல்லக் காட்டு."

ஜிபெக் காட்டினாள். அம்மாள் ரொட்டியைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டார்.

"இவதான்," என்றார். "எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு அம்மா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"நான் எதுக்குச் சங்கடப்படணும்?"

"இல்ல... வீட்டுல கஷ்டமோன்னு..."

"என் வீட்டு ரொட்டியே இப்படித்தான் இருக்கும்னு நெனச்சியா?"

மகனின் ரொட்டியைத் தின்றதைவிட இது அவரை அதிகமாகப் பாதித்தது. நேராக அடுப்புக்குப் போனார். வறட்டி வைத்தார், மாவை எடுத்தார், ஜிபெக்கைப் பார்க்காமலே, "தண்ணி கொண்டா," என்றார். ஜிபெக் வாளியோடு ஓடினாள். இருட்டுவதற்குள் விரிப்பு நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் குவிந்தது. சூடாக இருந்தது. ஜிபெக் கேட்காமலே, "ரொம்ப மிருதுவா இருக்கு அம்மா," என்றாள். ஒரு தடவைக்கு மேலும் சொன்னாள்.

"அப்ப இவதான் வரணும்," என்றார் அம்மாள், கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு. "ஆபீஸ்ல மாத்திட்டாங்க, கலர் மாறிடுச்சுன்னு வேற யாரையாவது அனுப்பக் கூடாது. கடிச்சவ வரணும். அவன் வர்ற வரைக்கும். அவ வராம போனா அவனும் வர மாட்டான்."

"வர்றேன் அம்மா," என்றாள் ஜிபெக்.

"உன்னைக் கேக்கல. புருலைக் கேக்கறேன்."

புருல் எஜே தேநீரைக் குடித்து முடித்தார். கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம், கோப்பையைக் கவிழ்க்காமல் விரிப்பின் நடுவில் வைத்தார்.

"இவதான் வருவா," என்றார்.

மறுநாள் தஷ்தான்பெக்கிடம், அம்மாளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, புகார் ஒன்றும் இல்லை என்றார். நேற்று தருவதாகச் சொன்ன வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

செப்டம்பர் கடைசியில் சாய்கல் மறுபடி வந்தார். கணப்பைச் சரிசெய்திருந்தோம், கோட்டைக் கழற்றினார்.

"வீட்டுல வேலையப் பத்தி நினைப்பீங்களா, எஜே?"

"என்ன இருக்கு நினைக்க."

"புகை?"

"பாப்பேன். அது இப்ப என் வேலையில்லியே."

"களைப்பு?"

"உக்காந்தே இருக்கேன்."

"அழுகை?"

"ஆட்டுக்குட்டிக்கா?"

புருல் எஜே பச்சைக்கு வந்திருந்தார். ஓய்வினால் கிடைத்த முன்னேற்றத்துக்கு நல்ல உதாரணம் என்று அறிக்கையில் இரண்டு பத்தி வந்தது. ஜிபெக் சிவப்பில் இருந்தாள். தூக்கத்தில்கூடப் புகைபோக்கி வருகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

தஷ்தான்பெக் இருவரையும் கூப்பிட்டார். பரிந்துரைப்படி ஜிபெக் தொலைபேசிக்கு, எஜே எட்டு வீட்டுக்கு. பேனாவைத் திறந்தார்.

"ஏழு," என்றார் எஜே.

"எட்டு. பனி விழறதுக்கு முன்னாடின்னு நான்தானே சொன்னேன்."

"உம்சுனாய் அம்மா வீடு ஜிபெக்குக்கு."

"அவ சிவப்பு, எஜே. ஒரு வீடுகூட வைக்கக் கூடாது."

எஜே ஜிபெக்கைப் பார்த்தார். ஜிபெக் தலையசைத்தாள். "மைரம்பெக் ரொட்டிய இவ கடிச்சிட்டா. தெரியாம," என்றார் எஜே.

தஷ்தான்பெக்கின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. இரண்டு பெண்களையும் பார்த்தார். அவருடைய தம்பியின் ரொட்டியும் அவர் அம்மா வீட்டில் தொங்குகிறது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எதிர்ப் பக்கம்," என்றாள் ஜிபெக்.

"அப்ப சரி," என்று ஏழு என்று எழுதினார். சிவப்பில் இருப்பவருக்கு ஒரு வீடு இருப்பதற்கான காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'தவிர்க்க இயலாதது' என்று எழுதினார். தலைநகரிலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அக்டோபரில் மைரம்பெக் ஃபோன் செய்தான். உம்சுனாய் அம்மாள் நடந்ததை எல்லாம் சொன்னார். அவன் முதல் தடவையாக வசந்தம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்று எஜே கேட்டார். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அவர் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். வேலையாக இல்லை, தேநீர் குடிக்க.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டான்."

"நீங்க?"

"ரெண்டு புள்ளைன்னேன். சரி அம்மா, மிச்சத்த யாரும் தொடாம பாத்துக்கோ, நான் வந்து தின்னுக்கறேன்னான்." அம்மாள் நீலத்துணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷத்துல அந்த ரொட்டியப் பத்தி அவன் வாயத் தொறந்ததே இல்ல."

முதல் பனி அந்த வாரமே விழுந்தது. மறுநாள் காலையில் புருல் எஜே பால் வாளியோடு மேட்டில் ஏறி நின்றார். ஏழிலும் புகை வந்தது. வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, எட்டாவதிலும் வரும்வரை நின்றார்.